ரெண்டு சி.எல்., ஒரு தீவு!

ஆபீஸ் நண்பர்கள் டூர் பிளான் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? திங்கட்கிழமை காலை டீயோடு மாலத்தீவில் ஆரம்பிக்கும். புதன்கிழமை பஜ்ஜி வருவதற்குள் கோவாவுக்கு இறங்கும். வெள்ளிக்கிழமை, 'மாமல்லபுரம் போய் மதியம் சாப்பிட்டுட்டு வந்துடலாமே' என்று யாராவது பெருந்தன்மையாகச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் அவரவர் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள்!

நான் பி.காம். படித்தவன். ஆபீஸுக்குப் போகிறவன் இல்லை. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். ('அவனுக்கு லீவே கிடையாது. வேலை இருந்தாத்தானே லீவு!' - இது அம்மா.) ஆனாலும், படித்த படிப்புக்குத் துரோகம் பண்ணாமல் நண்பர்களின் லீவுக் கணக்கை நான்தான் பார்ப்பது வழக்கம்.

மாலத்தீவு விளம்பரத்தில் என்ன இருக்கிறது? நீலக் கடல், தென்னை, பவளப்பாறை, வெள்ளை மணல். மேற்படி ஐட்டங்கள் அத்தனையும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கின்றன. பாஸ்போர்ட் வேண்டாம். ரெண்டு நாள் சி.எல். போதும். 'ராமேஸ்வரமா? ரிட்டயர் ஆனப்புறம் போற ஊராச்சே சார்!' என்று ஒரு நண்பர் அலறினார். ரிட்டயர் ஆனபிறகு முட்டி வலியோடு 22 கிணற்றில் குளிக்கப் போகிறாராம். போகட்டும்.

முதலில் காலண்டர். ஜனவரி முதல் மார்ச் வரை உத்தமம். ஆனால், தை அமாவாசை எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அந்தத் தீவில் கால் வைக்க இடம் இருக்காது. தர்ப்பணம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. செல்ஃபி எடுக்கத்தான் என்றால், பின்னணியில் நாற்பது பேர் நிற்பார்கள். மீன் சாப்பிடுகிற கோஷ்டி இன்னொன்றையும் குறித்துக்கொள்ளட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மே மாத லீவில் போய் 'வெறும் சாம்பாரா?' என்று ஹோட்டல்காரரிடம் சண்டை பிடிக்கக் கூடாது.

ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்னாடிதான் எடுக்க முடியும் (2024 நவம்பரிலிருந்து அப்படி. அதற்கு முன் 120). வியாழன் ராத்திரி ஏறினால் ஞாயிறு ராத்திரி திரும்பி, திங்கள் காலை பெட்டியோடு நேரே ஆபீஸ். வெள்ளி, சனி - ரெண்டு சி.எல். கணக்கு டேலி!

இங்கேதான் என் முக்கியமான சிபாரிசு. எல்லோரும் ராமேஸ்வரத்துக்கே டிக்கெட் எடுத்து, கடைசி ஸ்டேஷனில் இறங்கி, மறுநாளே ஊர் திரும்புகிறார்கள். நீங்கள் ராமநாதபுரத்தில் இறங்குங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரூம் போட்டுக் குளித்துவிட்டு, சேதுபதிகளின் ராமலிங்க விலாசத்துக்குப் போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் பழைய தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கும். உள்ளே போனால் சுவர், தூண், கூரை எங்கும் ஓவியம். ராமாயணம் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு சண்டை ஒரு பக்கம், வெள்ளைக்காரர்களை ராஜா சந்திப்பது இன்னொரு பக்கம். கூட்டமே இல்லை. மதுரையிலோ தஞ்சாவூரிலோ இது இருந்திருந்தால் க்யூ நின்றிருக்கும்.

அப்புறம் உத்தரகோசமங்கை. மரகத நடராஜர். ஆனால் வருஷம் முழுக்க சந்தனக் காப்பில்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் சந்தனம் கலைந்து பச்சையைக் காட்டுவார். தேவிபட்டினம் நவபாஷாணம், காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் படகு எல்லாம் ஆசையாகத்தான் இருக்கும். விடுங்கள். ஒரே நாளில் எட்டு இடம் பார்ப்பவர் எட்டு செருப்பு ஸ்டாண்டு டோக்கன் சேகரிக்கிறார், அவ்வளவுதான்.

சாயங்காலம் பஸ்ஸில் தீவுக்குப் போங்கள். ஏன் பஸ்? ரயில் பாலத்தை ரயிலுக்குள் உட்கார்ந்து பார்க்க முடியாது, சார்! 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்துதான் அது முழுசாகத் தெரியும். 1914-ல் வெள்ளைக்காரன் போட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. புதுசு 2025 ஏப்ரலில் திறந்தது. பழையதில் கப்பல் வந்தால் நடுப்பகுதி ரெண்டாகப் பிளந்து, கும்பிடுகிற கை மாதிரி தூக்கும். ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் திறப்பார்கள். புதுசில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நட்டுக்குத்தாக மேலே போகிறது. திரும்பும்போது ரயிலில் வாருங்கள். ரெண்டு விதமாகவும் பார்த்த மாதிரி ஆச்சு.

பாலத்துக்கு முன்னால் மண்டபம் வரும். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். என்னுடன் வந்த அம்மா தூங்கவில்லை. (ஆமாம், போன தடவை நண்பர்கள் கழன்றுகொள்ள, அம்மாதான் 'நான் வர்றேன்டா' என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.)

"ஏன்டா, எங்க தாத்தாவை இங்கதானே வச்சிருந்திருப்பாங்க?" என்றாள்.

அம்மாவுக்குப் பூர்வீகம் புதுக்கோட்டைப் பக்கம். அவளுடைய தாத்தா தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுத்தபோது இலங்கை போனவர். பிரிட்டிஷ் காலத்தில் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை மண்டபம் கேம்ப்பில் சில நாள் அடைத்துவைத்து, காலரா, அம்மை இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பல் ஏற்றுவார்கள். பின்னாளில் அதே இடத்துக்கு, இலங்கையில் சண்டை மூண்ட பிறகு, அங்கிருந்து அகதிகளாக வந்தார்கள். இன்னும் அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. போன இடமும் வந்த இடமும் ஒன்றே. கேமராவை எடுக்காதீர்கள். அது சுற்றுலாத் தலம் இல்லை, ஜனங்கள் குடியிருக்கிற இடம்.

பாம்பன் பக்கத்தில் குந்துகால் என்று ஒரு முனை. சிகாகோவில் பேசிவிட்டு 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கியது இங்கே. பாஸ்கர சேதுபதி ராஜாவே எதிர்கொண்டு வரவேற்றார். அதே கடலில் பெயர் தெரியாமல் போனவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை.

சனிக்கிழமை கோயில். விடிவதற்குள் போய்விட வேண்டும். முதலில் அக்னி தீர்த்தக் கடல், அப்புறம் உள்ளே 22 தீர்த்தம். கிணற்றுச் சுவர் மேல் ஏறி நிற்கிற ஆள் சின்ன வாளியால் மொண்டு தலையில் கவிழ்ப்பார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தண்ணீர் உப்புக் கரிக்காதது ஆச்சரியம்தான். தரை வழுக்கும். அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் கையை விடாதீர்கள். மாற்றுத் துணி கட்டாயம். 'நான் கூட்டிட்டுப் போறேன் சார், சீக்கிரம் முடிச்சுடலாம்' என்று ஒருவர் ஒட்டிக்கொள்வார். சிரித்துக்கொண்டே நடந்துவிடுங்கள். சீக்கிரம் முடிக்க இது என்ன ரேஷன் கடையா?

குளித்துத் தரிசனம் முடிந்த பிறகு மூன்றாம் பிராகாரத்தில் சும்மா நடங்கள். 1,212 தூண்கள். எண்ண வேண்டாம், எண்ணிவிட்டார்கள்.

மத்தியானம் தூங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். அந்த வெயிலில் ஆட்டோ வைத்துப் 'பாயின்ட்' பார்ப்பது பைத்தியக்காரத்தனம். பகல் தூக்கத்துக்கு சி.எல். போடக் கூடாது என்று எந்த சர்வீஸ் ரூலிலும் இல்லை. எழுந்து பள்ளிவாசல் தெருவில் கலாம் வீட்டைப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாம்பன் பக்கம் போய்விடுங்கள். கோயிலைச் சுற்றி சைவ ஹோட்டல்கள்தான் அதிகம். பாம்பனில் நண்டு, கணவாய், பாறை, நகரை என்று அன்றைக்கு வலையில் ஏறியது கிடைக்கும். 'என்ன இருக்கு?' என்று கேளுங்கள். 'இது இருக்கா?' என்று கேட்காதீர்கள்.

ஞாயிறு முழுக்க தனுஷ்கோடிக்கு. எல்லோரும் மத்தியானம் மூணு மணிக்குப் போய், சாயங்காலம் போலீஸ்காரர் விசில் அடித்து விரட்டும்போது திரும்புகிறார்கள். நீங்கள் காலையில் போங்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டார்கள். அதற்கு முன் மணலில் வேன் குதித்துக் குதித்துப் போகும். இப்போது வழுக்கிக்கொண்டு போகலாம். இடது பக்கம் பாக் நீரிணை, குளம் மாதிரி. வலது பக்கம் மன்னார் வளைகுடா, மல்லுக்கு நிற்கும். உள்ளூர்க்காரர்கள் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். வாடைக்காற்று வரும் ஐப்பசி, கார்த்திகையில் பெண் கடலுக்கும் கோபம் வருமாம். எந்தக் கடலாக இருந்தாலும் முனையில் இறங்கிக் குளிக்காதீர்கள். நீரோட்டம் இழுத்துவிடும்.

வழியில் இருக்கிற இடிபாடுகள் சினிமாவுக்குப் போட்ட செட் இல்லை. 1914 முதல் 1964 வரை சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போவார்கள். ஸ்டேஷன், தபாலாபீஸ், சர்ச் எல்லாம் உள்ள ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அப்படியே கடலுக்குள் போனது. நூற்றுக்கும் மேல். ஒருவர்கூடத் தப்பவில்லை. 'மக்கள் வாழத் தகுதியில்லாத இடம்' என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மீனவர்கள் சிலர் கேட்கவில்லை. குடிசை போட்டு இருக்கிறார்கள், மீன் பொரித்து விற்கிறார்கள். அவர்களிடம் வாங்கிச் சாப்பிடுங்கள். சர்ச் சுவரில் பெயர் கிறுக்கி அம்புக்குறி விடுகிற காதல் மன்னர்கள் தயவுசெய்து மாலத்தீவுக்கே போகவும்.

அரிச்சல்முனையில் நின்றபோது என் செல்போன் 'கிணுங்' என்றது. இலங்கை டவரைப் பிடித்துவிட்டு வரவேற்புச் செய்தி! ஓசியில் ஃபாரின் டூர் என்று நான் சிரித்துக்கொண்டிருக்க, அம்மா ஆட்டோக்காரரிடம், "தம்பி, இலங்கை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"அந்தா, நேரா அங்கிட்டுத்தான் ஆத்தா. முப்பது கிலோமீட்டர் இருக்கும்."

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு பக்கம்தானாடா? அப்புறம் ஏன் அந்த மனுஷன் திரும்பி வரலை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. 'இருக்கட்டும்ண்ணே, பாத்துட்டு வரட்டும்' என்று நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆட்டோ பேசும்போது 'மூணு பாயின்ட், ரெண்டு மணி நேரம்' என்று பேசாதீர்கள். அரை நாள் வாடகை பேசுங்கள். கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

ரயில் ஏறுமுன் வாங்க வேண்டியவை: பனங்கற்கண்டு, பனை ஓலைப் பெட்டி, ராமநாதபுரம் குண்டு மிளகாய் (முண்டு மிளகாய் என்று கேட்டால் உள்ளூர்க்காரர் மாதிரி இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காரம்!). தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று கிடைக்கும். மதுரை மல்லிக்கே நாற்று இங்கிருந்துதான் போகிறது. ஈரத்துணியில் சுற்றித் தருவார்கள். கருவாடு வாங்குகிறவர்கள் மூணு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, யார் மூக்கைச் சுளித்தாலும் நீங்களும் சேர்ந்து சுளித்துக்கொண்டு, மானாமதுரை தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வரவும்.