600-வது மாடிக்கு லிஃப்ட் எங்கே?

நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மாடிகள் 102தான். ஆனால், பெர்சி ஜாக்சன் கதை படித்த பிள்ளைகளைக் கேளுங்கள்... 600-வது மாடியும் உண்டு என்பார்கள். கிரேக்கக் கடவுள்களின் ஒலிம்பஸ் அங்கேதான் இருக்கிறது!

2005-ல் வந்த முதல் நாவலில் திருடுபோவது ஜீயஸின் மின்னல் ஆயுதம். நிஜத்திலும் இந்தக் கட்டடத்தை ஆண்டுக்குச் சுமார் 20 முறை மின்னல் தாக்குகிறது. ஜீயஸுக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்குமா?

கணக்கு டீச்சர் அரக்கியாக மாறி பெர்சி மீது பாயும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் இதே ஐந்தாவது அவென்யூவில்தான், 82-வது தெருப் பக்கம். தெற்கே போகும் பஸ் பிடித்தால் 34-வது தெருவில் இறங்கிவிடலாம்.

எழுதிய ரிக் ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். டிஸ்லெக்சியாவாலும் கவனச்சிதறலாலும் வகுப்பில் திணறிய மகனுக்கு, இரவில் சொன்ன கதை இது. பெர்சிக்கும் அதே சிக்கல்களைக் கொடுத்தார். ஆங்கில எழுத்துகள் அவன் கண்ணில் மிதக்கக் காரணம், அவன் மூளை பழங்கிரேக்கத்துக்குப் பழகியிருப்பதுதானாம்! அந்த மகனுக்கு அன்றிரவு எப்படித் தூக்கம் வந்திருக்கும்?

பார்வையாளர்களுக்கு 86-வது மாடியில் திறந்தவெளி மேடை இருக்கிறது. அதற்கும் மேலே, 102-வது மாடி வரை டிக்கெட் உண்டு. மிச்சம் 498 மாடிகளுக்குப் புத்தகம்தான்.