திரும்பவும் நிற்கவும்

பிட்ஸ்பர்க்,
அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

“பந்தயத்தில ஓடின நாய்க்கு அங்க ஓட்டம் பழக்குறாங்களாக்கும்?” என்று போனில் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டு வார்த்தையில் முடிகிற சங்கதி இல்லை; அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஓட்டம் பழக்கவில்லை, அண்ணாச்சி. திரும்பவும் நிற்கவும் பழக்குகிறார்கள். அந்த இரண்டும் இந்த நாய்களுக்குத் தெரியாது.

அக்கா மகள் வித்யாவும் மாப்பிள்ளையும் பங்குனி வாக்கில் ஒரு கிரேஹவுண்டைத் தத்தெடுத்தார்கள். ஆண் நாய், நாலு வயது, முப்பத்திரண்டு கிலோ. பார்த்தவுடன் உங்கள் சிப்பிப்பாறை நாய்க்குச் சொந்தம் என்று சொல்லிவிடுவீர்கள். ஒட்டிய வயிறும் இறங்கிய நெஞ்சும் அப்படியே நம் ஊர் வார்ப்பு. தொடை மட்டும் நம் நாய்களுக்கு இல்லாத பருமன். பந்தயக் காகிதத்தில் ஏதோ நீளமான பெயர் இருந்ததாம். நிறத்தைப் பார்த்து வித்யா செவலை என்று வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி அதைக் கூப்பிடுகிற அழகை நீங்கள் கேட்க வேண்டும்.

வந்த அன்றே அதன் காதை மடக்கிப் பார்த்தேன். இரண்டு காதுக்குள்ளும் பச்சை குத்தியிருக்கிறது. இடது காதில் ஈற்றின் பதிவெண். வலது காதில் ஐந்து, பூஜ்யம், டி. ஐந்தாவது மாதம், 2020-ஆம் வருஷம், அந்த ஈற்றில் நாலாவதாகக் குத்தப்பட்ட குட்டி என்று அர்த்தம். கான்சாஸ் மாநிலத்தில் அபிலீன் என்ற ஊரில் இருக்கும் நேஷனல் கிரேஹவுண்ட் அசோசியேஷனில் இந்த எண்ணைச் சொன்னால் தாய், தகப்பன், ஓடிய பந்தயம் எல்லாம் கிடைத்துவிடும். நம் ஊரில் நாயின் வம்சத்தைச் சொல்லத் தெரிந்த பெரியவர் போய்விட்டால் வம்சமும் அவரோடு போய்விடுகிறது. அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

செவலை ஓடியது வீலிங் தீவில். இங்கிருந்து தென்மேற்கே காரில் ஒரு மணி நேரம், மேற்கு வர்ஜீனியா மாநிலம். ஒஹாயோ ஆற்றின் நடுவில் தீவு. ஊரையும் தீவையும் சேர்க்கிற தொங்குபாலம் 1849-இல் கட்டியது. இப்போது அதில் வண்டி விடுவதில்லை, நடந்து போகலாம். தீவில் கசினோவும் பந்தயக்களமும் ஒரே வளாகம். இந்த நாட்டில் நாய்ப் பந்தயம் மிஞ்சியிருப்பது இரண்டே களங்களில், இரண்டும் அந்த மாநிலத்தில்தான். ஃபுளோரிடாவில் 2018 நவம்பரில் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 69 பேர் வேண்டாம் என்றார்கள். 2020 முடிவதற்குள் அங்கே எல்லாக் களமும் மூடிவிட்டது. மேற்கு வர்ஜீனியாவில் ஓடுவதற்குக் காரணம் சட்டம்: அந்த இரண்டு களங்களிலும் கசினோ நடத்த வேண்டுமானால் நாயையும் ஓட்ட வேண்டும். நான் போனபோது பார்வையாளர் வரிசையில் ஆளே இல்லை. பந்தயம் கட்டுகிறவர்கள் வேறு ஊர்களில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். களங்கள் மூடி, ஓய்வு பெற்ற நாய்கள் குறைந்துபோனதால் தத்தெடுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். சில அமைப்புகள் அயர்லாந்திலிருந்து விமானத்தில் வரவழைக்கின்றன.

இனி நீங்கள் கேட்ட விஷயம். இதற்கு லூர் கோர்சிங் என்று பெயர். திறந்த புல்வெளியில் தரையோடு தரையாக ஒரு நைலான் கயிறு. திருப்பம் வரும் இடத்திலெல்லாம் மண்ணில் அறைந்த முளையில் ஒரு சிறு கப்பி. கயிற்றில் வெள்ளை பிளாஸ்டிக் குப்பைப் பையைக் கிழித்துக் கட்டியிருப்பார்கள். அதுதான் முயல். பேட்டரியில் ஓடும் மோட்டார் கயிற்றை இழுக்கும். முயல் போலவே பை நேரே போகும், சட்டென்று வெட்டித் திரும்பும், மறுபடி வேறு பக்கம் வெட்டும். கலிபோர்னியாவில் உயிர் முயலை விரட்டிக்கொண்டிருந்த வேட்டை நாய்க்காரர்கள் சிலர்தான் இதைக் கொண்டுவந்தார்கள். முள்கம்பி வேலியில் மோதி நாய்கள் அடிபடுவதைப் பார்த்துச் சலித்து, லைல் ஜில்லெட் என்பவர் தொடங்கினார். இதற்கான சங்கம் 1972-இல் அமைந்தது. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972. நமக்குச் சட்டம் வந்து, போகப்போக முயல் வேட்டை முழுக்கக் குற்றமானது. நாய்க்கு மாற்றாக என்ன கொடுப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. உங்கள் வீட்டு வாசலில் சங்கிலியில் படுத்திருப்பதை நினைத்துத்தான் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

பந்தயக்களத்திலும் பொய் முயல்தானே என்பீர்கள். ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர் 1919-இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் எந்திர முயலோடு வட்டக்களம் திறந்தார். இப்போதைய நாய்ப் பந்தயமே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த முயல் தண்டவாளத்தில் போகிற முயல். நாய் பெட்டிக்குள் நிற்கும், கதவு திறக்கும், பாயும். 500 மீட்டர் சொச்சம், முப்பது விநாடி. திரும்புவது எப்போதும் இடப்பக்கம் மட்டுமே. கோடு தாண்டியதும் முயல் மறைந்துவிடும், ஆள் வந்து வாரைப் போட்டு இழுத்துப் போவான். பந்தய நாளில் நாயை அதைப் பிடிக்க விடுவதில்லை. கோர்சிங்கில் ஓட்டம் 550 மீட்டரிலிருந்து 900 வரை இருக்கும், இருபக்கமும் திருப்பம், ஒரே நாளில் இரண்டு ஓட்டம். வட்டக்களத்தில் வளர்ந்த நாயை அப்படியே கொண்டுபோய் இதில் அவிழ்த்துவிட்டால் முதல் வலது திருப்பத்திலேயே உருண்டுவிடும். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் போகிற உடம்பு அது. புரண்டால் எலும்புதான்.

அதனால் முதல் சில மாதம் ஒன்றுமே செய்யவில்லை என்றாள் வித்யா. சோபாவில் தூங்கவிட்டார்கள். மாடிப்படி ஏறவே அது கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவரை படியையே பார்த்ததில்லை. பிறகு மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் முதலில் தடவிப் பார்த்தது வலது பின்னங்கால் மூட்டை. இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓடுகிற நாய்க்கு அந்த மூட்டெலும்பு உடைவது வழக்கமான காயமாம். இதயம், பல், உள்ளங்காலில் ஆணி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, சதை போதாது, நடக்கவிடு என்றார். பிட்ஸ்பர்க் மேடும் பள்ளமுமான ஊர். தினமும் மேட்டில் ஏற்றி இறக்கினார்கள். வாரைக் கழற்றவே இல்லை. இந்த நாயின் கழுத்து தலையை விடப் பருமன், சாதாரணப் பட்டை உருவிக்கொள்ளும். இழுத்தால் இறுகுகிற அகலப் பட்டைதான் போடுகிறார்கள். ஒருமுறை கைநழுவி அணில் பின்னால் போனால் கூப்பிட்டுத் திரும்பாது. அதற்கென்று ஒரு பீப்பி வைத்திருக்கிறாள், அடிபட்ட முயல் கத்துகிற சத்தம் அதில் வரும். களத்தில் நாய்களைச் சேர்க்க ஊதுவது அதைத்தானாம். நான் வீட்டுக்குள் ஒரு தரம் ஊதிப் பார்த்தேன். செவலை சோபாவைத் தாண்டி வந்து என் மடியில் விழுந்தது.

பயிற்சி நாளுக்கு வாஷிங்டன் மாவட்டத்துப் பண்ணை ஒன்றுக்குப் போனோம். வைக்கோலுக்காக அறுத்த புல்வெளி, நாலுபுறமும் வேலி. காலையில் நல்ல குளிர், புல்லெல்லாம் பனி. குளிர் நல்லதுதான், வெயிலில் இந்த நாயை ஓடவிட்டால் உடல் சூடு ஏறியே செத்துப்போகவும் கூடும். ஈரம்தான் நல்லதில்லை என்று பனி உலரும்வரை காத்திருந்தார்கள். ராத்திரிக்குப் பிறகு சோறு கிடையாது, வயிறு முறுக்கிக்கொள்ளும் என்ற பயம். வித்யா மடியில் வைத்து ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. முன்னங்காலில் தரையில் படாமல் மேலே நிற்குமே ஒரு நகம், அதன் மேல் ஒட்டுத்துணி சுற்றினாள். புல்லில் மாட்டினால் அது பிய்ந்துவிடும். ஓடுகிற கயிறு உரசினால் தோல் தீய்ந்ததுபோல ஆகிவிடும் என்று கணுக்காலுக்கும் ஒரு சுற்று. கால்மணி நேரம் நடக்கவிட்டபிறகு கோட்டுக்குக் கொண்டுபோனாள்.

முதலில் நேர் ஓட்டம், 150 மீட்டர்தான். பெட்டி இல்லை, கதவு இல்லை. மனுஷக் கை பிடித்திருக்கிறது. செவலைக்கு எதற்கு நிற்கிறோம் என்றே புரியவில்லை, புல்லை முகர்ந்தது. மோட்டார்காரர் பையை இரண்டு முழம் அசைத்தார். அவ்வளவுதான், அண்ணாச்சி. காது இரண்டும் கொம்பு மாதிரி எழுந்தன, பின்னங்கால் சதை நடுங்கியது, ஒரு கூச்சல் போட்டது பாருங்கள். வீட்டில் குரைக்கவே குரைக்காத நாய் அது. விட்டதும் மண்கட்டி என் முழங்காலில் தெறித்தது. நான் தலையைத் திருப்புவதற்குள் அது அந்தக் கோடியில்.

அந்தக் கோடியில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பை நின்றது. செவலையும் அதைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, குனிந்து பார்த்தது. மூக்கால் தள்ளியது. வாயில் கவ்வியது, உடனே கீழே போட்டது, சுற்றியிருந்தவர்களைப் பார்த்தது. மறுபடி கவ்வி, இந்தத் தடவை தலையை ஆட்டி உதறியது. அதற்குள் யாரும் பறிக்கவில்லை. வாரைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருக்க விட்டார்கள். நிற்கப் பழக்குவது என்றேனே, அது இதுதான். முடிவில் பை கிடைக்கும் என்று தெரிந்த நாய் பையோடு நிற்கும், ஆள் வந்து பிடிக்கலாம். தெரியாத நாய் வேலியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும்.

நன்றாக இளைப்பாறவிட்டு அடுத்த ஓட்டத்தில் ஒரே ஒரு வலது திருப்பம், அதுவும் அகலமானது. நேரில் கயிற்றை ஒட்டியே ஓடியது. திருப்பத்தில் பை வலப்பக்கம் போக, செவலை நேரே போய், பிறகு பழக்கதோஷத்தில் இடப்பக்கம் சாய்ந்தது. முயலைக் காணோம். நின்று, தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. மோட்டார்காரர் நல்ல அனுபவசாலி. மேட்டில் நின்றுகொண்டு, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்திருந்தார். இப்போது பையை நிறுத்தி, மெல்லத் துடிக்கவிட்டார். கண்ணில் பட்டதும் பாய்ந்தது. இந்த விளையாட்டில் பாதி அவர் விரலில் இருக்கிறது. அவர் அவசரக்காரராக இருந்தால் நாயின் கால் போய்விடும். “இன்றைக்குப் போதும், இன்னும் கேட்கும்போதே நிறுத்துங்கள்” என்றார். செவலை கேட்டுக்கொண்டுதான் இருந்தது, கார் வரைக்கும் கத்தியது. நடக்கவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினார்கள். ராத்திரி சிறுநீரின் நிறத்தை மாப்பிள்ளை டார்ச் அடித்துப் பார்த்தார். சதை சிதைந்துபோனால் காப்பித்தண்ணி நிறத்தில் போகுமாம். நல்லபடியாகத்தான் போனது.

போட்டி என்று வரும்போது மூன்று நாய்களைச் சேர்த்து விடுவார்கள். மஞ்சள், ரோஜா, நீலம் என்று ஆளுக்கொரு சட்டை. களத்தை நடத்துகிறவர் டாலிஹோ என்று கத்துவார், அந்த முதல் எழுத்திலேயே கையை விட வேண்டும். முதலில் வருகிற நாய்க்குப் பரிசு இல்லை. வேகத்துக்கும் லாகவமான திருப்பத்துக்கும் 25, 25, தாக்குப்பிடிப்பதற்கு 20, ஆர்வத்துக்கும் பையைத் தொடர்வதற்கும் 15, 15, ஆக நூறு. கிட்டத்தட்ட நம் பெரியவர்கள் முயல் வேட்டை முடிந்து திண்ணையில் உட்கார்ந்து எந்த நாய் நன்றாக வெட்டித் திரும்பியது என்று பேசுவார்களே, அந்தக் கணக்கு. பக்கத்து நாயைக் கடிக்கவோ இடிக்கவோ போனால் வெளியே. வேறொரு நாயோடு ஒழுங்காக ஓடிக் காட்டியபிறகுதான் உள்ளே சேர்ப்பார்கள். பணம் கிடையாது, ரிப்பன்தான்.

இதை எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஓடி ஓடிக் களைத்த பிராணியை மறுபடி ஓட வைப்பதா என்று கேட்கிறவர்கள் உண்டு. தத்துக் கொடுக்கும்போதே கூடாது என்று எழுதி வாங்குகிற அமைப்புகளும் உண்டு. பந்தயம் கட்டவில்லை என்பதற்காக எலும்பு உடையாமல் இருக்கப்போவதில்லை, அந்த வாதம் சரிதான். அன்றைக்கு வந்த இன்னொரு ஓய்வுபெற்ற பெட்டை நாய் பையைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது. அதன் எஜமானி சிரித்துக்கொண்டே கூட்டிப்போய்விட்டார், அது எனக்குப் பிடித்தது. செவலையின் கூச்சலைக் கேட்டபிறகு அதைச் சோபாவிலேயே வைத்திருப்பதுதான் கருணை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் வேறு இரண்டு நாயோடு போட்டிக்கு விடுவதில் எனக்கு இஷ்டமில்லை, வித்யாவிடம் சொல்லிவிட்டேன். திருப்பமே இல்லாமல் நூறு கஜம் தனியாக ஓடுகிற ஃபாஸ்ட் கேட் என்று ஒன்று இருக்கிறது. ஆறேழு விநாடியில் முடிந்துவிடும். அதுவே போதும் என்பது என் கட்சி. மாப்பிள்ளை என் பக்கம். அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை.

அவள் உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்று. களத்து மணலில் ஓடிய பாதம் புல்வெளிக்கும் கல்லுக்கும் இன்னும் தயாராகவில்லை, உள்ளங்கால் மெத்தை சீக்கிரம் தேய்கிறது. கரிசலிலும் சரளையிலும் ஓடிய உங்கள் நாய்களுக்கு அந்தக் காலத்தில் என்ன பூசினீர்கள், எத்தனை நாள் ஓட்டாமல் வைத்திருந்தீர்கள்? வேப்பெண்ணெய் என்று நான் சொன்னேன், நாய் நக்கிவிடுமே என்கிறாள். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்புங்கள், அவள் உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
உங்கள் தம்பி