மைல் சேர்க்கும் மனிதர்கள்

அமெரிக்காவில் டல்லாஸ் விமான நிலையத்தில் ஒரு பகல் முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. பறந்த மைல்களைக் கணக்கில் வரவு வைத்து, இலவச டிக்கெட் அளிக்கும் திட்டத்தை 1981-ல் ஆரம்பித்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனிக்கு இதுவே பிரதான ஸ்தலம்.

மைல் சேர்ப்போரில் மூவகை உண்டு. முதல்வர் சாமர்த்தியசாலி. டேவிட் பிலிப்ஸ் என்ற எஞ்சினீயர், 1999-ல் 12,000-க்கு மேற்பட்ட புட்டிங் கிண்ணங்களை வாங்கி, அவற்றின் பரிசாகவே 12 லட்சம் மைலுக்கு மேல் சம்பாதித்தார். இரண்டாமவர், மைலுக்காகவே பறந்து, இறங்கிய ஊரைப் பாராமலே திரும்புகிறவர். மூன்றாமவர் லோபி, செலவிட மனம் வராதவர்.

நம் அருகில் அமர்ந்திருந்த முதியவர் அவ்வினத்தவர். “தாயாரை அழைத்துச் செல்லவே சேர்த்தேன். மைல் இருக்கிறது, தாயார் இல்லை” என்றார்.

புதைத்த பொன்னாவது மங்காது. கம்பெனியார் விகிதத்தை மாற்றினால் மைலின் மதிப்போ குறைந்துவிடும். காண வேண்டியவரைக் காலத்தே காண்பதற்கன்றோ பிரயாணம்!