எல்போவில் ஒரு சிவப்புக் கோடு

வேலூர் சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. நான் போன காலையில், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்குப் போக வேண்டிய எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய் எல்போக்களும் டீக்களும் மேஜைமீது வரிசையாக இருந்தன. இரண்டு தொழிலாளர்கள் அவற்றுக்கு ‘டி.பி. டெஸ்ட்’ செய்துகொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தட்டுப்படாத மேற்பரப்பு விரிசலைச் சாயத்தால் வெளிக்கொண்டுவரும் சோதனை அது.

இந்த வட்டாரத்தில் அதற்கு இவ்வளவு அவசியம் வந்ததற்குக் காரணம் உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டே தோல் ஆலைகளுக்கு வருகிறது. ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்குகிறது. பாலாற்றைப் பாழாக்கிய கழிவுநீர் குறித்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னாளில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. கருவிகளும் ஆவியாக்கிகளும் வந்தன. நீர் பிரியப் பிரிய, மிஞ்சும் கரைசலில் உப்பு செறிந்துகொண்டே போகிறது. சூடும் உலோகத்துக்குள் தங்கிய இழுவிசையும் சேர்ந்தால், உப்பிலுள்ள குளோரைடு எஸ்.எஸ். 304, 316 குழாய்களை விரிசல் விடவைக்கும். இந்த ரகங்களைக் காந்தம் பிடிக்காது. ஆகவே காந்தத்தூள் சோதனை செல்லாது, சாயம்தான் கைகொடுக்கிறது.

மூத்தவர் எண்ணெயையும் கிரைண்டிங் தூசியையும் கிளீனரால் துடைத்துக் காயவிட்டார். சிவப்புச் சாயத்தை அடித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார். நுண்புழைக் கவர்ச்சியால் சாயம் விரிசலுக்குள் இறங்குவதற்கான நேரம் அது.

அடுத்தது துடைப்பு. முதலில் உலர்ந்த துணி, பிறகு கிளீனரில் நனைத்த துணி. இளையவர் கேனை நேராக எல்போமேல் நீட்டியதும் மூத்தவர் தடுத்தார்: “மேல அடிக்காத தம்பி, துணியில அடி. உள்ள இறங்கின சாயமும் கழுவிக்கினு பூடும்.”

வெள்ளை டெவலப்பர் மெல்லிய படலமாக விழுந்தது. சற்று நேரத்தில் ஒரு வெல்டு ஓரமாக முடி அளவில் சிவப்புக் கோடு எழுந்தது. குறியின் நீளம் அகலத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் அது கோட்டு வகை. 1.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அத்தகைய குறியை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதி ஏற்பதில்லை. மூத்தவர் மார்க்கரால் வட்டமிட்டார். அந்த இடத்தைக் கிரைண்டரால் எடுத்து, மறுபடி வெல்டு வைத்து, மறுபடி சோதிக்க வேண்டும்.

வேலூர் வெயிலும் இந்த வேலையில் குறுக்கிடுகிறது. வழக்கமான முறைக்கு உலோகத்தின் சூடு 5 முதல் 52 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மே மாத மதியத்தில் வெட்டவெளியில் கிடக்கும் உலோகம் அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். சாயம் உலர்ந்துபோனால் விரிசல் தப்பிவிடும்.

தப்பினால் என்ன ஆகும் என்பதை 1989 ஜூலை 19 காட்டியது. அமெரிக்காவின் சூ சிட்டியில் விமானம் நொறுங்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எஞ்சின் விசிறித் தட்டில் இருந்த விரிசல் அதற்கு முந்தைய சாயச் சோதனையில் கண்டறியப்படவில்லை என்று விசாரணை சொன்னது.

அதனால்தான் குறியைப் படித்துத் தீர்ப்புச் சொல்பவருக்கு லெவல் 2 தகுதியும் ஆண்டுதோறும் கண் பரிசோதனையும் கேட்கிறார்கள். 1975இல் தொடங்கிய திருச்சி பெல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இதற்குப் பயிற்சி தருகிறது. அங்கே போய்ப் படிக்க இளையவருக்கு ஆசை. இவர்போன்றவர்களின் பயிற்சிச் செலவைச் சுத்திகரிப்பு நிலையங்களும் பட்டறைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தும் நாளில் வெளியூர் ஆய்வாளருக்காகக் காத்திருக்காமல், ஓடித் தேய்ந்த குழாய்களையும் இவர்களே உடனுக்குடன் சோதித்துவிடலாம்.