வெளிநாட்டு பார்ல பூல் போட்டி: ஒரு த்ரெட்



திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கம் இருந்து படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு போற பிள்ளைகள் இப்போ நிறைய. ஓபில பிரஷர் மாத்திரை வாங்க வர்ற அம்மா, சீட்டை வாங்கிட்டு போனை நீட்டுவாங்க. "சார், இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. லண்டன் பக்கம் இருக்கான். தூங்கவே மாட்டேங்கான்."

பேசிப் பார்த்தா காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. ஷிஃப்ட் விட்டா ரூம், ரூம் விட்டா ஷிஃப்ட். பேச ஆளில்லை.

தனிமை சாதாரண விஷயம் இல்லைங்க. 2018லயே பிரிட்டன் இதுக்குன்னு ஒரு அமைச்சரைப் போட்டது.

நான் கேட்கிற முதல் கேள்வி, "ஊர்ல என்னப்பா விளையாடுவே?" பெரும்பாலும் பதில் கேரம். அப்போ பூல் விளையாடு தம்பி.

கோணம் பார்க்கிற கண்ணு ஏற்கெனவே இருக்கு. ஸ்ட்ரைக்கர் குழில விழுந்தா ஃபவுல் மாதிரி, இங்கே வெள்ளைப் பந்து விழுந்தா ஃபவுல். ஆனா காய் வழுக்கும், பந்து உருளும். அடிச்ச பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிக்குதுங்கிறதுதான் பாதி ஆட்டம். அது பழக கொஞ்ச நாள் ஆகும்.

போட்டியை எப்படிக் கண்டுபிடிக்க?

பிரிட்டன்ல பூல் டேபிள் இருக்கிற பப்கள்ல வாரநாள் ஒண்ணுல ராத்திரி சின்னப் போட்டி வைக்கிறது வழக்கம். சுவத்துல ஒட்டியிருக்கும், இல்லேன்னா கவுண்டர்ல கேளுங்க. சின்ன நுழைவுத் தொகை, கரும்பலகையில பேரு, தோத்தா வெளியே. அவ்வளவுதான்.

போட்டி இல்லாத ஒரு நாள் முதல்ல போங்க. டேபிள் ஓரத்துல ஒரு காசு வச்சா "அடுத்த ஆட்டம் எனக்கு"ன்னு அர்த்தம். பல இடத்துல ஜெயிச்சவர் நிப்பார், நீங்க அவரோட ஆடணும். ரெண்டு வாரம் போனா முகம் தெரிஞ்சிடும். பப் டீம்கள் மோதுற உள்ளூர் லீக்ல ஆள் குறைஞ்சா அவங்களே கூப்பிடுவாங்க.

ரூல் பப்புக்குப் பப் மாறும். ஃபவுலுக்கு ரெண்டு ஷாட்டா, கருப்பு எந்தக் குழின்னு சொல்லணுமான்னு ஆரம்பிக்கும் முன்னாடியே கேட்டுக்குங்க. அங்கே சிவப்பு, மஞ்சள் சின்னப் பந்து. அமெரிக்காவுல கோடு போட்டதும் முழு நிறமும், பந்தும் பெருசு.

அமெரிக்காவுல இருந்தா ஏபிஏ லீக் தேடுங்க. ஒவ்வொருத்தருக்கும் திறமை எண் கொடுத்து, எட்டுப் பந்து ஆட்டத்துல 2ல இருந்து 7 வரை, அதுக்கேத்த மாதிரி ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் குறைப்பாங்க. புதுசா வந்தவனும் பழம் தின்னு கொட்டை போட்டவனைச் சாய்க்கலாம்.

பேச்சு ஆரம்பிக்க ஒரு விஷயம் சொல்றேன். பூலோட அண்ணன் ஸ்னூக்கர் பிறந்தது 1875ல நம்ம ஜபல்பூர்ல, ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி கையில. அதோட விதிகளை எழுதி மாட்டினது நம்ம ஊட்டி கிளப்ல. பப்ல இதைச் சொல்லிப் பாருங்க, அந்த டேபிளே உங்க பக்கம் திரும்பும்.

இப்போ டாக்டரா ரெண்டு வார்த்தை.

பப்புக்குப் போனா குடிக்கணும்னு சட்டம் இல்லை. சோடாவுல லைம் கேளுங்க, யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க. அங்கே ஆளுக்கு ஒரு ரவுண்டு வாங்குற பழக்கம் உண்டு; "நான் ரவுண்டுல இல்லை"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. இல்லேன்னா நாலு பேர் வாங்கினதை நீங்க குடிச்சே ஆகணும். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023லயே சொல்லிருச்சு.

தெரியாதவனோட பந்தயம் வேண்டவே வேண்டாம். முதல் ஆட்டம் உங்ககிட்ட வேணும்னே தோப்பான்.

ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் மனசு ஒட்டலை, சாகணும்னு நினைப்பு வருதுன்னா அதுக்கு பூல் மருந்து இல்லை. பிரிட்டன்ல 111, இல்லேன்னா சமாரிட்டன்ஸ் 116 123. இங்கே வீட்ல இருக்கிறவங்களுக்கு டெலிமானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம்.