பாடசாலைக்கு வோக்கி டோக்கி வாங்க முன்னர் ஒருக்கா வாசிங்க



எங்கட பாடசாலைக்கு டிஜிட்டல் வோக்கி டோக்கி ஆறு செட் வாங்கப் பழைய மாணவர் சங்கம் பணம் தர முன்வந்திருக்கிறது. எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு மூன்று ஆசிரியர்களுக்கு. அதில் நானும் ஒருத்தி. இரண்டு மாதமாகத் தேடி, கேட்டு, கையில் பிடித்துப் பார்த்து அறிந்ததை எழுதுகிறேன். மற்றப் பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் உதவக்கூடும்.

"எல்லார்ட கையிலயும் போன் இருக்குத்தானே, இது எதுக்கு டீச்சர்?" இதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. எங்கள் ஆரம்பப் பிரிவு வீதிக்கு ஒரு பக்கம், மேல் பிரிவு மறுபக்கம். பாடசாலை விடும் நேரம் இரண்டு கேட்டிலும் நிற்பவர்களுக்கு ஒரே விசயம் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். போனில் ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லி முடிவதற்குள் பிள்ளை நடு வீதிக்கு வந்துவிடும். வோக்கி டோக்கியில் பட்டனை அழுத்தினால் எல்லோருக்கும் கேட்கும். அதோடு, 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட கரையோரத்து மக்கள் நாங்கள். அனர்த்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் போன் எடுத்தால் லைன் கிடைக்காது. இரண்டு செட்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கோபுரம் தேவையில்லை.

முதலாவது விசயம் அனுமதி. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி எடுக்க வேண்டும். ஐரோப்பாவில் 446 மெகாஹேர்ட்ஸ் செட்டை அனுமதி இல்லாமல் பாவிக்கலாம் என்று இணையத்தில் இருக்கும். அது அங்குள்ள சட்டம், எங்களுக்குப் பொருந்தாது. முதலில் அனுமதி, பிறகு கொள்வனவு. கிடைக்கும் அலைவரிசைக்கு ஏற்றபடிதான் செட்டை அமைக்க வேண்டும்.

இரண்டாவது, விஎச்எஃப் ஆ, யூஎச்எஃப் ஆ? வயல், கடல், திறந்த வெளி என்றால் விஎச்எஃப் நல்லது. சீமெந்துக் கட்டடங்களுக்குள்ளும் மாடிகளுக்கு இடையிலும் பேச யூஎச்எஃப் தான் கூடுதலாகக் கைகொடுக்கும். பாடசாலைக்கு எங்கள் தெரிவு யூஎச்எஃப்.

மூன்றாவது, தூரம். பெட்டியில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் என்று போட்டிருப்பார்கள். இடையில் ஒரு தடையும் இல்லாவிட்டால்தான் அப்படி. கட்டடமும் தென்னையும் நிறைந்த ஊருக்குள் அதை நம்ப வேண்டாம். விற்பனையாளரிடம் இரண்டு செட் கேட்டு வாங்கி, பாடசாலையின் மூலை முடுக்கெல்லாம் நடந்து பேசிப் பாருங்கள். டிஜிட்டலில் ஒரு குணம் உண்டு. பழைய அனலொக் செட்டில் தூரம் போகப் போக இரைச்சல் கூடும். டிஜிட்டலில் குரல் தெளிவாகவே இருந்துவிட்டு, எல்லையில் திடீரென வெட்டி நின்றுவிடும். அந்த எல்லை எங்கே என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, பிள்ளைகளின் மானம். "இன்ன பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கு" என்று பெயரோடு சொல்வோம். அனலொக்கில் அதே அலைவரிசையை வைத்திருக்கும் யாருக்கும் அது கேட்கும். டிஜிட்டல் என்பதாலேயே இரகசியம் ஆகிவிடாது. குறியாக்க வசதி இருந்து, அதை இயக்கியும் வைக்க வேண்டும். எல்லாச் செட்டையும் ஒரே தயாரிப்பில் வாங்கினால் இந்தச் சிக்கல் குறையும். டிஎம்ஆர் என்ற பொதுத் தரத்தில் வாங்கினால், பிற்காலத்தில் வேறு கம்பனிச் செட்டும் சேர்க்கலாம். ஆனால் குறியாக்கம் ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பெட்டரி. "16 மணித்தியாலம்" என்பது பெரும்பாலும் 5 வீதம் பேச, 5 வீதம் கேட்க, 90 வீதம் சும்மா இருக்க என்ற கணக்கு. இல்ல விளையாட்டுப் போட்டியன்று நாங்கள் அப்படியா பேசுவோம்? மேலதிக பெட்டரிக்கும் பணம் ஒதுக்குங்கள். ஐபி67 என்றால் தூசி போகாது, ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும். மாரி காலத்தில் கேட்டில் நிற்பவருக்கு அது வேண்டும்.

கேட்டில் நிற்பவர் எங்கட வோச்சர் காக்கா. ஆங்கில மெனு அவருக்கு வாசிக்க வராது. அதனால் திரை பெரிதாக உள்ள அழகான செட்டை விட்டுவிட்டு, மேலே திருகும் குமிழும் குரலில் சனல் இலக்கம் சொல்லும் வசதியும் உள்ளதைத்தான் நாங்கள் குறித்துக் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு மிக அருகில் நிற்கும் ஆளுக்கு விளங்காத கருவியால் பிரயோசனம் இல்லை.

இப்போது கூட்டத்தில் ஒரு கருத்து வந்திருக்கிறது. இதே காசுக்கு அனுமதி இல்லாத மலிவுச் செட் பன்னிரண்டு வாங்கலாமாம். நான் சம்மதிக்கவில்லை. சட்டத்தை மதிக்கச் சொல்லிப் படிப்பிக்கும் இடம் இது. பிடிபட்டால் செட்டும் போகும், அதிபரும் பதில் சொல்ல வேண்டி வரும். ஆறு வேண்டாம், அனுமதியோடு நாலு போதும் என்பதே என் நிலைப்பாடு.

கடைசியாக, கலாசாலையில் கற்ற ஒன்று இதற்கும் பொருந்துகிறது: ஒரு நேரத்தில் ஓர் அறிவுறுத்தல், சுருக்கமாக. பட்டனை அழுத்தி ஒரு விநாடி பொறுத்து, யாருக்கு, யார், எங்கே, என்ன என்று சொல்லி விடுங்கள். சலாம், சுகம் விசாரிப்பு எல்லாம் ஸ்டாஃப் ரூமில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பாடசாலையில் பாவிக்கிறவர்கள் இருந்தால் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வியாழக்கிழமை கூட்டத்துக்கு அது உதவும், இன்ஷா அல்லாஹ்.