மாமா பிடித்த கத்தரி

திராட்சைப் பந்தலில் கவாத்து வேலை என்றால் நாள் முழுக்க அண்ணாந்த கழுத்துதான். கம்பம் பள்ளத்தாக்கில், காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே ஒரு தோட்டத்தில் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். தலையில் துண்டு, கையில் கத்தரி. காய்ந்த பட்டைத் தூள் கண்ணில் விழ, புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்த கொடிக்கு நகர்கிறார்கள்.

மகசூல் எடுத்து ஓய்ந்த கொடியில் இலையை உருவி, பழுத்த குச்சிக்கு நாலு கண் விட்டு நறுக்குகிறார்கள். கண்ணை ஒட்டி வெட்டினால் கண் காய்ந்துவிடும். தாராளமாக விட்டாலோ தழை அடைத்து வெளிச்சம் இறங்காது. எந்தக் குச்சியை வைப்பது, எதைக் கழிப்பது என்று ஒவ்வொரு வெட்டிலும் ஒரு முடிவு. அதை எடுக்க அவர்களுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வெட்டிய நுனியில் நீர் சொட்டியது. “வேர் நல்லா இழுக்குதுன்னு அர்த்தம் தம்பி” என்றார் மூத்தவர்.

என் தாய்மாமாவும் இதையேதான் சொல்வார். சொந்தத் தோட்டமாக இருந்தும் கூலி ஆட்களோடு நின்று கவாத்து பண்ணியவர் அவர். விவசாயத்தின் பெருமையை அவர் பேசி நான் கேட்டதில்லை. பள்ளி விடுமுறையில் போனால் உதிர்ந்த இலையைப் பொறுக்கச் சொல்வார். செவட்டை நோய் கண்ட இலை பந்தலடியில் கிடக்கக் கூடாது, பொறுக்கி எரிக்க வேண்டும். தளிர் விட்டபின் ஒரு நாள் என்னைத் தூக்கிப் பிடித்து, இலைக்கு எதிரே கடுகு கடுகாய் அரும்பியிருந்த கொத்தைக் காட்டினார். தோட்டத்தின் மேல் எனக்குப் பிரியம் வந்தது அன்றைக்குத்தான். இப்போது அவர் இல்லை. எந்தப் பந்தலுக்குள் நுழைந்தாலும் முதலில் அந்தக் கொத்தைத்தான் தேடுகிறேன்.

இங்கே விளைவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்பார்கள். 1895இல் வந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரும் மேற்குமலைக் காற்றும் சேர்ந்த கம்பம் பள்ளத்தாக்கில், ஒரு தோட்டம் இல்லாவிட்டால் இன்னொரு தோட்டத்தில் ஆண்டு முழுக்கப் பழம் இருக்கும். கவாத்திலிருந்து அறுப்புக்கு ஏறக்குறைய நாலு மாதம். பழுக்கும் சமயம் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். அதனால், “எப்ப வெட்டுறோம்ங்கறதுதான் வெள்ளாமை” என்பார் மாமா.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அந்தப் பேரைக் காப்பாற்றும் கைகளுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. நான் பார்த்த கூட்டத்தில் இளவட்டம் ஒருவர்தான். பழகிய கவாத்து ஆளுக்கு மற்ற தோட்டக் கூலியைவிடக் கூடுதலாகக் கொடுப்பதுதான் நியாயம்.

அருகிலுள்ள சுருளி அருவிக்கு வருகிற நீங்கள் பழம் தொங்கும் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். பக்கத்திலேயே எங்காவது கவாத்தும் நடந்துகொண்டிருக்கும். தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு, அங்கேயும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.